பரேட் முடிந்த பிறகு பத்து நிமிடம்: வடசென்னை என்.சி.சி.யில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் வந்தால் வடசென்னைக் கல்லூரிகளில் இதைப் பார்க்கலாம். தேசிய மாணவர் படையான என்.சி.சி.யின் மூன்றாம் ஆண்டு கேடட்கள் (பயிற்சி பெறும் மாணவர்கள்) 'சி' சான்றிதழ் தேர்வை எழுதி முடித்து, பெல்ட்டையும் பூட்ஸையும் ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் புது முகங்கள் வரிசையில் நிற்கும். போன வருடம் கேம்பில் எந்த மூலையில் டென்ட் போட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வந்தது, குடியரசு நாள் ஒத்திகைக்கு மைதானம் கேட்டு யாரிடம் கடிதம் கொடுக்க வேண்டும், புது பூட் கடித்தால் என்ன செய்வது என்பதெல்லாம் போனவர்களோடு போயிருக்கும். புதியவர்கள் அதே தவறுகளை அதே வரிசையில் செய்யத் தொடங்குவார்கள்.

ராணுவத்திலும் இதே தொல்லை உண்டு. ஓர் அதிகாரி ஒரு பொறுப்பில் இரண்டு, மூன்று ஆண்டுக்கு மேல் இருப்பது அரிது. அதனால்தான் உலகத்துப் படைகள் எல்லாம் 'கற்றதை எப்படித் தக்கவைப்பது' என்று தலையைப் பிய்த்துக்கொள்கின்றன. இந்தியத் தரைப்படை 1991-இல் பயிற்சிக்கென்றே தனிக் கட்டளையகம் ஒன்றை அமைத்தது. இப்போது அது சிம்லாவில் இருக்கிறது.

இந்தக் கட்டுரை அவ்வளவு பெரிய இடத்துக்கு அல்ல. ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ ஒரு கல்லூரியின் என்.சி.சி. கம்பெனியில் (கேடட் பிரிவில்) கேடட்களுக்கான மூத்த பதவியான சீனியர் அண்டர் ஆபீசர் பட்டை புதிதாகத் தோளில் ஏறியவருக்கு. அவருக்குக் கீழே உள்ள அண்டர் ஆபீசர், சார்ஜென்ட்களுக்கு. காம்ப்டியிலோ குவாலியரிலோ பயிற்சி முடித்து வந்து, கல்லூரியில் என்.சி.சி.யைக் கவனிக்கும் ஏ.என்.ஓ. (இணை என்.சி.சி. அதிகாரி) பேராசிரியருக்கு. என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. கேடட் படைவீரர் அல்ல. ஆனால் பதவி, உத்தரவு, தண்டனை எல்லாம் ராணுவத்திலிருந்து வந்தவை. அவற்றோடு ராணுவத்தின் வியாதிகளும் வந்திருக்கின்றன.

முக்கியமான வியாதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீருடை போட்ட இடத்தில் வகுப்புக்கு ஒருபோதும் பஞ்சம் இல்லை. கடைசி வரிசையில் நிற்கிறவர் கண்ணால் பார்த்தது முன்னால் நிற்கிறவர் காதுக்குப் போவதில்லை, அவ்வளவுதான் சிக்கல். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்த ஒரு வழியைத் திறப்பதற்கானவை.

முதல் படி: ஒரு மாதம் எதையும் மாற்றாதீர்கள்

பொறுப்புக்கு வந்த வேகத்தில் புது அட்டவணை, புது வாட்ஸ்ஆப் குழு, புது விதிமுறை என்று ஆரம்பிக்கத் தோன்றும். வேண்டாம். முதல் மாதம் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு சின்னக் கெட்ட செய்தி கீழேயிருந்து மேலே போக எத்தனை நாள் ஆகிறது, யார் வழியாகப் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது.

பூட் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நம்பர் கால் உள்ள பையனுக்கு ஸ்டோரில் ஏழாம் நம்பர் பூட் கிடைத்திருக்கும். கொடுக்கும்போதே "இருக்கிறதைப் போடு, பழகிடும்" என்று சொல்லியிருப்பார்கள். அவன் குதிகால் தோல் உரிந்து, சாக்ஸில் ரத்தம் ஒட்டி, ஒரு காலை லேசாக இழுத்து நடப்பான். சார்ஜென்ட் அதைப் பார்த்து "ஸ்டெப் சரியில்லை" என்பார். பரேட் முடிந்து அவன் பஸ்ஸில் ஏறியதும் பூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான். மூன்றாவது வாரம் வரமாட்டான். பதிவேட்டில் 'ஆர்வம் இல்லை' என்று ஏறும். ஒரு நம்பர் வித்தியாசம் ஏ.என்.ஓ.வின் காதுக்குப் போயிருந்தால் பட்டாலியன் ஸ்டோரில் கேட்டு மாற்றியிருக்கலாம். போகவில்லை. ஏன் போகவில்லை என்று துருவிப் பாருங்கள். உங்கள் கம்பெனியைப் பற்றி அதைவிட நல்ல பாடம் வேறு கிடைக்காது.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக நம் பக்கத்திலேயே நடந்த பெரிய விஷயம் ஒன்று. பாரிமுனையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஜார்ஜ் கோட்டை. 1806-இல் சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, புது மாதிரித் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மே மாதம் வேலூரில் இருந்த சிப்பாய்கள் சிலர் அதை அணிய மாட்டோம் என்றார்கள். அவர்களைப் பிடித்துச் சென்னைக்கு அனுப்பி விசாரித்து, இரண்டு பேருக்குக் கசையடி கொடுத்து நீக்கினார்கள். சிப்பாய்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மேலே இருந்தவர்கள் விஷயம் அடங்கிவிட்டது என்று நினைத்தார்கள்.

ஜூன் மாதம் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் நேராகத் தன் கர்னலிடமே போய், கோட்டைக்குள் சதி நடக்கிறது என்று சொன்னார். கர்னல் அதை விசாரிக்கும் வேலையைப் படையில் இருந்த இந்திய அதிகாரிகளிடமே கொடுத்தார். அவர்கள் "இவனுக்குப் பைத்தியம்" என்றார்கள். சொன்னவரையே அடைத்து வைத்தார்கள். ஜூலை 10, விடிவதற்கு முன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. பிறகு உத்தரவு ரத்து, கிராடக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

அந்த எழுச்சியை நாம் விடுதலைக் கணக்கில் பெருமையாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு படை எப்படி இயங்குகிறது என்று படிக்க வந்தவர் கோட்டைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்க்க வேண்டும். அவர்களுக்கு இரண்டு தடவை செய்தி வந்தது. முதல் தடவை அடித்தார்கள், இரண்டாம் தடவை பூட்டினார்கள்.

இரண்டாம் படி: தெரியாமல் செய்ததையும் தெரிந்தே விட்டதையும் பிரியுங்கள்

நம் கம்பெனிகளில் தண்டனைக்குப் பெயர் ரகடா. ஃப்ராக் ஜம்ப், ஃப்ரண்ட் ரோல், மைதானத்தைச் சுற்றி ஓட்டம். தாமதமாக வந்தாலும் ரகடா, 'பீச்சே முட்' (பின்னால் திரும்பு) என்னும்போது தப்பான பக்கம் திரும்பினாலும் ரகடா, கேள்வி கேட்டாலும் சில இடங்களில் ரகடா. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்றால் பையன் கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். முதலாண்டு அணியை நிறுத்தி, கண்ணை மூடச் சொல்லி, 'தஹினே முட்' (வலப்பக்கம் திரும்பு) கொடுங்கள். பாதிப் பேர் தடுமாறுவார்கள். இத்தனை நாள் அவர்கள் கட்டளையைக் கேட்டுத் திரும்பவில்லை. பக்கத்தில் நிற்கிறவனின் தோளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். ரகடாவுக்குப் பயந்து கண்டுபிடித்த நல்ல உத்தி அது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அணிவகுப்பில் முதல் ஆள் தப்பாகத் திரும்பினால் வரிசையே தப்பாகத் திரும்பும்.

எனவே பொறுப்புக்கு வந்ததும் சார்ஜென்ட்களை உட்காரவைத்து ஒரு கோடு போடுங்கள். தெரியாததால் நடந்தது, புரியாததால் நடந்தது, முயற்சி செய்து தவறியது: இவற்றுக்குத் தண்டனை கிடையாது, திரும்பச் செய்து காட்டுவது மட்டும்தான். தெரிந்தே விட்டது, பொய் சொன்னது, சக கேடட்டை அவமதித்தது: இவற்றுக்கு உண்டு, அதையும் ஏ.என்.ஓ. அறிய. தன் தவறைத் தானே வந்து சொன்னவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை என்பதைப் பரேடில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். முதல் ஆள் வந்து சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் மற்ற ஐம்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

துப்பாக்கிச் சுடும் இடம் மட்டும் விதிவிலக்கு. அங்கே உத்தரவு முதலில், கேள்வி அப்புறம். .22 ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் சொந்த யோசனையைப் பரீட்சை செய்யக்கூடாது. ஆனால் அங்கேயும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும்: ஆபத்தைப் பார்த்தவர் நேற்றுச் சேர்ந்த கேடட்டாக இருந்தாலும் 'ஸ்டாப்' என்று கத்தலாம், கத்த வேண்டும். கத்தியது தேவையில்லாமல் போனாலும் அவரைத் திட்டக்கூடாது.

மூன்றாம் படி: பத்து நிமிடம்

இதுதான் இந்தக் கட்டுரையின் முதுகெலும்பு. மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

அமெரிக்கத் தரைப்படை, கலிபோர்னியப் பாலைவனத்தில் உள்ள ஃபோர்ட் இர்வின் பயிற்சி மையத்தில், 1980-களில் ஒரு வழக்கத்தை நிலைநிறுத்தியது. நிஜச் சண்டை போலவே பயிற்சி நடக்கும், எதிரியாக நடிக்கவும் ஒரு படைப்பிரிவு உண்டு. முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்? என்ன நடந்தது? ஏன் அப்படி ஆயிற்று? அடுத்த முறை எதை வைத்துக்கொள்வோம், எதை மாற்றுவோம்? நான்கே கேள்விகள். ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ என்று பெயர். மதிப்பெண் கிடையாது. நடத்துகிறவர் குறைவாகப் பேச வேண்டும், கீழே உள்ளவர் அதிகமாகப் பேச வேண்டும் என்பது அதன் விதி.

நமக்கு இது எப்போது பொருந்தும்? பரேட் முடிந்து ரெஃப்ரெஷ்மென்ட் கொடுக்கும் நேரம். வாழைப்பழமோ சமோசாவோ கையில் இருக்கும்போது வரிசையில் விறைப்பாக நிற்க முடியாது, அதுவே நல்லது. மர நிழலில் வட்டமாக உட்காரவையுங்கள். சீனியர் அண்டர் ஆபீசரும் தரையில்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் பேசுகிறவர் எப்போதும் மிக இளையவர். சீனியர் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வேறு சொல்லப்போவதில்லை, அதனால் நீங்கள் கடைசி.

துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய மைதானம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். குடியரசு நாள் ஒத்திகை. 'தம்' (நில்) சொன்னதும் முன் வரிசை நின்றது, பின் வரிசை இரண்டு அடி முன்னால் வந்து முதுகில் இடித்தது. மூன்று தடவையும் அப்படியே. வட்டத்தில் உட்கார்ந்ததும் பேச்சு இப்படிப் போனது:

"என்னப்பா ஆச்சு பின்னாடி?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், "கேட்கல, சீனியர்" என்றாள்.

"எல்லாருக்கும் கேட்டுச்சே."

"முன்னாடி இருக்கிறவங்களுக்குக் கேட்டுச்சு. எங்களுக்கு லாரி ஆரன்தான் கேட்டுச்சு."

சாதாரணமாக இங்கே "கவனம் பத்தல" என்று முடித்துவிடுவார்கள். அன்று அந்த அண்டர் ஆபீசர் முடிக்கவில்லை. "சரி, எந்தப் பக்கம் நின்னா உங்களுக்குக் கேட்கும்?" என்றார். அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கன்டெய்னர் லாரிகள் சாலையில் தேங்கி நிற்கும் நேரத்தில் ஆரன் ஓயாது. கட்டளை கொடுப்பவர் சாலைக்கு முதுகைக் காட்டி, அணியைப் பார்த்து நின்றால் குரல் உள்ளே வரும். சாலையைப் பார்த்து நின்றால் போய்விடும். இன்னொருவன், கட்டளையின் முதல் பாதியை இழுத்துச் சொன்னால் பின் வரிசை தயாராகிவிடும் என்றான். இரண்டையும் எழுந்து அங்கேயே செய்து பார்த்தார்கள். இடி நின்றது. அந்தப் பெண்ணுக்கு அன்று யாரும் கை தட்டவில்லை. அடுத்த வாரம் வட்டத்தில் உட்கார்ந்தபோது மூன்று பேர் கையைத் தூக்கினார்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த முறையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நம் தெருக்களில் இருக்கும் கேரம் கிளப்புக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து போகமாட்டார்கள். தோற்றவன் எந்தக் காயில் தோற்றானோ அதை மறுபடி அதே இடத்தில் வைத்து, "இங்கருந்து ரீபவுண்ட் எடுத்திருந்தா?" என்று நான்கு பேர் அடித்துப் பார்ப்பார்கள். பன்னிரண்டு வயசுப் பொடியன் யோசனை சொன்னாலும் பெரியவர் ஸ்ட்ரைக்கரை நீட்டி "நீ அடி" என்பார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமா, இந்தப் பலகைகளுக்கு நடுவிலிருந்து போனவர்தான். காக்கி போட்டதும் நாம் ஏன் இந்தப் பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகிறோம் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

நடைமுறையில் இடிக்கும் இரண்டு இடங்கள். ஒன்று, பேச்சு ஆள்மேல் போகும்: "இவன்தான் கெடுத்தான்." உடனே வெட்டுங்கள், "அந்த இடத்தில் என்ன நடந்தது" என்று மட்டும் கேளுங்கள். இன்னொன்று, பி.ஐ. ஸ்டாஃப் (பயிற்சி கொடுக்க வந்திருக்கும் ராணுவத்தினர்). ராணுவத்திலிருந்து வந்திருக்கும் ஹவில்தாருக்கு, கேடட்கள் வட்டமாக உட்கார்ந்து குறை பேசுவது ஒழுங்கீனமாகப் படலாம். அவரை விலக்கிவைத்துச் செய்யாதீர்கள். முதல் நாளே போய், "சார், பத்து நிமிஷம், நீங்களும் உட்காருங்க" என்று கேளுங்கள். அவர் தன் பட்டாலியனில் நடந்த ஒரு தவறைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது.

நான்காம் படி: நோட்டு

பேசியது காற்றில் போய்விடும். நூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, என்ன செய்தோம், என்ன நடந்தது, எதை மாற்றினோம்: நான்கு வரி போதும். எழுதுவது சுழற்சி முறையில் முதலாண்டு, இரண்டாம் ஆண்டு கேடட்கள். தமிழிலேயே எழுதட்டும். பெயர் எழுத வேண்டாம். 'பின் வரிசைக்குக் கட்டளை கேட்கவில்லை' என்றால் போதும்.

பத்து நாள் கேம்புக்குப் போய்வந்த வாரம் மட்டும் நோட்டில் தாராளமாக எழுதுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு நின்றது, எந்தப் பொருளை எல்லாரும் மறந்தார்கள், எந்தப் போட்டிக்கு முன்கூட்டியே தயாராகாமல் போனோம், பெண் கேடட்கள் இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருந்ததா. கடைசியாகச் சொன்னதைப் பையன்கள் ஒருபோதும் எழுதமாட்டார்கள். எழுதும் வேலை பெண்களிடமும் இருக்க வேண்டும்.

வாட்ஸ்ஆப் குழு நோட்டுக்கு மாற்று ஆகாது. 'ஓகே சீனியர்' என்ற ஐம்பது பதிலுக்கு நடுவே எதையும் தேட முடியாது, மூன்றாம் ஆண்டினர் போனதும் குழுவும் தூங்கிவிடும். அதோடு ஆயுதம், சுடுதளம், ராணுவ வளாகம் சம்பந்தப்பட்ட படமோ விவரமோ ஃபோனில் ஏறவே கூடாது. நோட்டிலும் அவற்றுக்கு இடமில்லை, அவை பி.ஐ. ஸ்டாஃபின் பதிவேட்டில் இருக்கும்.

அப்புறம், நோட்டை ஏ.என்.ஓ. அறை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். 1962 சீனப் போரின் தோல்வியை ஆராய்ந்து ராணுவ அதிகாரிகள் ஹெண்டர்சன் புரூக்ஸும் பகத்தும் அறிக்கை எழுதினார்கள். அதை அரசு இன்றுவரை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. கார்கில் போருக்குப் பிறகு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த குழு சில மாதங்களில் அறிக்கை கொடுத்தது. சில பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு 2000-இல் நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். அதைத் தொடர்ந்த அமைச்சர்கள் குழு, 2001-இல், முப்படைகளுக்கும் பொதுவான தலைமை அதிகாரி ஒருவர் வேண்டும் என்றது. முதல் ஆள் பொறுப்பேற்றது 2020 ஜனவரி 1. ஏறக்குறைய பத்தொன்பது வருடம். வெளியே தெரிந்த பாடத்துக்கே இவ்வளவு காலம் என்றால் பூட்டிவைத்ததைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உங்கள் நோட்டு, பரேட் நடக்கும் இடத்தில், யாரும் எடுத்துப் புரட்டக்கூடிய மேஜைமேல் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கற்றவர் கற்பிக்கட்டும், அதுவும் தெருவில் இறங்கி

வகுப்பெடுக்கும் முறை பழையதுதான்: விளக்கு, செய்து காட்டு, செய்ய வை, கேள்வி கேள். இதை முதலாண்டு கேடட்டுக்கும் சுழற்சியில் கொடுங்கள். ஒரு பாடம், பதினைந்து நிமிடம். முதல் நாளே யாருக்கும் குரல் எழும்பாது, எழும்பும்வரை பொறுத்திருங்கள்.

வரைபடம் படிக்கும் பாடத்தை மட்டும் வகுப்பறையில் எடுக்காதீர்கள். ஓர் இடத்தின் மாதிரியை மணலில் செய்யத் தேவையானதெல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது: ஒரு சாக்கு மணல், நீலமும் பச்சையும் சிவப்புமாகக் கோலப்பொடி, கொஞ்சம் மரத்தூள். ஆற்றுக்கு நீலம், மரங்களுக்குப் பச்சை, சாலைக்குச் சிவப்பு. வியாசர்பாடியையும் புளியந்தோப்பையும் தரையில் போட்டு ஒரு கேள்வி வையுங்கள்: கனமழை, கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது, ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், எந்த வழி? சீனியர் காட்டும் வழியை, அந்தத் தெருவிலேயே வளர்ந்த முதலாண்டுப் பையன் "அங்கயும் இடுப்பளவு நிக்கும், சீனியர்" என்று மறுப்பான். அவன் சொல்வதுதான் சரியாக இருக்கும். படை இல்லாமல் இடத்தை மட்டும் பார்த்து யோசிக்கும் இந்த மாதிரிப் பயிற்சியை ராணுவத்தில் 'டியூட்' என்பார்கள். நமக்கு அதில் இன்னொரு லாபம், இளையவனுக்குத் தெரிந்தது மூத்தவனுக்குத் தெரியாது என்பது எல்லார் முன்னாலும் இயல்பாக வெளிவருகிறது.

வருடத்துக்கு ஒரு ஞாயிறு காலை நடைப்பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள். பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் நிற்கும் பழைய எல்லைக்கல்லில் தொடங்குங்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஜார்ஜ் கோட்டையைச் சில நாட்களில் பிடித்துவிட்டார்கள். 1758-59 முற்றுகையிலும், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்து வீடுகளுக்குள் உட்கார்ந்துகொண்டுதான் சுட்டார்கள். கோட்டையை ஒட்டி நின்ற வீடுகளே எதிரிக்கு மறைவிடம் என்று ஆங்கிலேயர்களுக்குப் புரிந்தது. பழைய நகரத்தை இடித்து வெட்டவெளியாக்கி, இதற்குள் யாரும் கட்டக்கூடாது என்று 1773-இல் ஆறு கற்கள் நட்டார்கள். மிஞ்சியது இந்த ஒன்று. படை கற்ற பாடத்துக்கு, வீடு இழந்த ஊர்க்காரர்கள் விலை கொடுத்தார்கள் என்பதையும் கேடட்களிடம் சொல்லுங்கள். எந்தப் பாடத்துக்கும் யார் செலவு செய்தார்கள் என்று கேட்கும் பழக்கம் இருந்தால் நல்லது.

அங்கிருந்து வால்டாக்ஸ் ரோடு. மைசூர்ப் படை நகரத்தின் வாசல்வரை வந்த காலத்தில் ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலும், அதன் செலவுக்கு வரி போடும் யோசனையும் இந்தச் சாலையின் பெயரில் மிச்சமிருக்கின்றன. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோடு பக்கம் மாடிப் பூங்காவாக நிற்கிறது. மேலே ஏறி நிற்கவைத்துக் கேளுங்கள்: இதைக் கட்டியவர் எதிரியை எந்தத் திசையில் எதிர்பார்த்தார்? வடக்கும் மேற்கும் என்று சொல்வார்கள். அப்புறம் 1914 செப்டம்பர் 22 இரவைச் சொல்லுங்கள். முதல் உலகப் போரில் ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் கடல் பக்கமாக வந்து துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைச் சுட்டபோது ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாம் இப்போது எந்தத் திசையைப் பார்க்காமல் இருக்கிறோம் என்ற கேள்வியோடு திரும்பி வரலாம். வரும் வழியில் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடக் கூட்டிப்போவது சீனியர்களின் கடமை, அது எந்தக் கையேட்டிலும் இல்லை.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்

எத்தனை வகுப்பு எடுத்தோம் என்ற கணக்கு யூனிட் அலுவலகத்துக்குத் தேவைப்படும், கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேறு மூன்று விஷயம் தெரிந்தால் போதும். மூன்று மாதத்துக்கு முன் நோட்டில் எழுதிய தவறு திரும்ப நடந்ததா? கடந்த மாதம் உங்களிடம் கெட்ட செய்தி கொண்டுவந்தவர்களில் முதலாண்டு கேடட் எத்தனை பேர்? வட்டத்தில் உங்கள் முடிவை யாராவது மறுத்தார்களா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதில் தொடர்ந்து வந்தால், எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. தேர்வு நெருங்கும் ஜனவரி, பிப்ரவரியில் இதெல்லாம் முதலில் காணாமல் போகும். 'பி', 'சி' சான்றிதழுக்கு மனப்பாடம், அணிவகுப்புக்கு ஒத்திகை என்று நேரம் போய்விடும். பத்து நிமிடத்தை ஐந்து ஆக்குங்கள், பரவாயில்லை. நிறுத்திவிட்டால் அடுத்த ஆண்டு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கைமாற்றும் வாரம்

தேர்வு முடிந்த உடனே, பூட்டும் பெல்ட்டும் ஸ்டோருக்குப் போவதற்கு முன், ஒரு பரேடைக் கைமாற்றுக்கென்று ஒதுக்குங்கள். அன்று புது சீனியர் அண்டர் ஆபீசர்தான் வட்டத்தை நடத்த வேண்டும். பழையவர் வட்டத்துக்கு வெளியே, பின்னால் உட்காரட்டும். கேட்டால் மட்டும் பேசட்டும். நோட்டைப் புரட்டி, இந்த ஆண்டு தீராமல் நிற்கும் மூன்று சிக்கல்களைப் புதியவரே வாசிக்கட்டும். ஸ்டோர் சாவி, மைதான அனுமதிக் கடிதத்தின் நகல், நோட்டு மூன்றையும் ஏ.என்.ஓ. முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வாங்குங்கள். பழையவர் அடுத்த வாரம் மைதானத்துக்கு வர வேண்டாம். ஃபோன் வந்தால் எடுத்தால் போதும்.